வருத்தம் சொல்லியனுப்புதல்: வன்னியில் ஒரு வழக்கத்தின் வரலாறு

ஒருவர் தீராத வருத்தமாய்ப் பாயிற் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டவுடன், வயலிலே நீர் கட்டிக்கொண்டிருந்தாலும் அதை அப்படியே விட்டுவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழமோ இரண்டு இளநீரோ கையில் எடுத்துக்கொண்டு, உயிர் உள்ளபோதே அவருடைய முகத்தை ஒருமுறை கண்டுவிட வேண்டுமென்று புறப்படுகிற சம்பிரதாயம் வன்னிப் பெருநிலத்தில் எக்காலத்தில் தோன்றியதென்று நிச்சயித்துக் கூற ஒருவராலும் இயலாது. ‘வருத்தம் பார்க்கப் போதல்’ என்பது அதற்கு வழங்கும் பெயர். கலியாண வீட்டுக்கு வராதவனைச் சனங்கள் எப்படியோ மன்னித்துவிடுவார்கள். கிடையாய்க் கிடந்தபோது எட்டிப் பாராதவன் செத்தவீட்டுக்கு மாத்திரம் வந்து நின்றால், அவனுக்கு இருக்கத் தடுக்குக் கிடைத்தாலும் முகம் கிடைப்பது அரிது. இந்தச் சம்பிரதாயத்தைத் தாங்கி நிற்பது அதனிலும் பழைய வேறொரு வழக்கம்: வருத்தச் செய்தியைச் சொல்லியனுப்புவது. யார் சொல்வது, யாருக்குச் சொல்வது, எவ்வளவு சொல்வது, கிடக்கிறவருக்கே அதைச் சொல்வதா என்பவற்றையெல்லாம் எழுதாத சட்டமாய் வகுத்து வைத்திருந்த அவ்வழக்கமே இக்கட்டுரையின் விஷயம்.

முகநூலும் வட்ஸ்அப்பும் யூரியூப்பும் மரணத்தை எதிர்நோக்கியிருக்கும் நோயாளரை என்ன செய்கின்றன என்று இக்காலத்தில் விசாரிப்பவர்கள், அக்கருவிகள் வந்த நாளிலிருந்தே கதையைத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. வன்னியைப் பொறுத்தவரையில் அது போதாது என்பது என் அபிப்பிராயம். இங்கே ஓட்டக்காரனும் தந்தியும் வானொலியும் செஞ்சிலுவைக் கடுதாசியும் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சுமந்து வந்த ஒரு பாரத்தையே இன்று கைத்தொலைபேசி ஏற்றிருக்கிறது. அந்தப் பாரத்தின் குணத்தை அறியாமல் தொலைபேசியின் குணத்தை அறிவது கடினம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் வன்னியை மனத்திற் கொள்வதற்கு இன்றைய ஏ9 வீதியையும் மின்கம்பங்களையும் சற்றே மறக்க வேண்டும். ஆனையிறவுக்குத் தெற்கே தொடங்கி வவுனியாவுக்கு அப்பால் வரை பரந்த காட்டினிடையே, ஒரு குளம், அதன் கீழே சிறிது வயல், அதை நம்பிய சில குடிகள் என்று ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் ஊர்கள் சிதறிக் கிடந்தன. ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில சிவில் உத்தியோகத்தர் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலும், அதற்கு முன்னர் 1881இல் பிரதம சிவில் வைத்திய அதிகாரி கின்சி பறங்கி நோயைக் குறித்து எழுதிய அறிக்கையும், இந்நிலத்தின் நோயும் தனிமையும் அரசாங்கத்தின் கண்ணில் எவ்வாறு பட்டன என்பதற்குச் சாட்சிகள். பறங்கிப் புண் ஆண்டுக்கணக்கில் உடலை அரித்தாலும், உயிரை வாங்கியவை பெரும்பாலும் காய்ச்சலும் பாம்பும் பிரசவமுமே. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து யாழ்ப்பாணத்தார் வன்னியில் சம்பந்தம் செய்யத் தயங்கியதும், உத்தியோகத்தர்கள் வன்னிக்கு மாற்றம் கிடைத்தால் அதைத் தண்டனையாய் எண்ணியதும் பின்னும் நெடுங்காலம் நீடித்தன. இவ்வாறு மரணம் விரைந்து வந்த ஒரு தேசத்தில், மாதக்கணக்காய், வருஷக்கணக்காய்ச் சாவை எதிர்நோக்கிக் கிடப்பது அபூர்வமாகவே இருந்தது. வருத்தம் சொல்லியனுப்புகிற வழக்கமும் அதற்கேற்ப, மூன்று நாளில் முடிந்துவிடுகிற ஒரு காரியத்துக்கு அமைந்ததாகவே உருப்பெற்றது. இதைப் பிற்பாடு நினைவிற் கொள்ள வேண்டியிருக்கும்.

அந்நாளில் ஒருவர் பிழைப்பாரா மாட்டாரா என்று தீர்ப்புச் சொன்னவர் பரியாரியார். செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய ஈழத்து வைத்திய நூல்களின் வழிவந்த அவர், நாடி பிடித்து, நாக்கும் கண்ணும் பார்த்து, வியாதி சாத்தியமா அசாத்தியமா என்று துணிவார். துணிந்ததை நோயாளிக்குச் சொல்ல மாட்டார். வெற்றிலைத் தட்டத்தோடு விறாந்தைக்கு வந்து, வீட்டில் மூத்த ஆண்மகனை அழைத்து, “சொல்ல வேண்டியவைக்குச் சொல்லி விடுங்கோ” என்று மட்டும் கூறுவார். அந்த ஒரு வாக்கியத்தின் பொருள் எல்லோருக்கும் தெரியும். அதன்பின் ஓட்டக்காரனாய் ஓர் ஆள் புறப்படுவான். அவன் பெரும்பாலும் ஊழியம் செய்யும் குடியைச் சேர்ந்தவன். யானை மறிக்கும் காட்டுப்பாதையில் பகலெல்லாம் நடந்து உறவினர் வீட்டை அடைந்தாலும், படலைக்கு வெளியே நின்றே “இன்னாருக்கு வருத்தம் கடுமையாம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பவேண்டியவன். உயிர்போகும் செய்தியைச் சுமந்து வருவதற்கு உரிமை பெற்றவனுக்கு முற்றத்திலே கால் வைக்க உரிமையில்லாதிருந்தது அக்காலத்து நியாயம்.

வந்து சேர்ந்த உறவினர் நோயாளியிடம் என்ன பேசினார்கள்? மாடு கன்று ஈன்றதையும் குளம் வான்பாய்ந்ததையும் பேசினார்கள். “ஒண்டுமில்லை, நாலு நாளிலை எழும்பி நடப்பியள்” என்றார்கள். வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்குப் பொங்குவதாகவோ, புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்கு நேர்ந்திருப்பதாகவோ, கத்தோலிக்கராயின் மடுமாதாவுக்கு மெழுகுதிரி வைப்பதாகவோ தெரிவித்தார்கள். அறைக்கு வெளியே, சேடம் இழுக்கத் தொடங்கினால் பால் விடுவது யார், சிவபுராணம் படிப்பது யார் என்பதெல்லாம் தீர்மானமாகிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் அறிந்த சமாசாரத்தை அறியாதவர் ஒருவரே, அவரும் பெரும்பாலும் அறிந்தே இருந்தார். அறியாதவர்போல் இருப்பது அவர் தம்மவர்க்குச் செய்கிற கடைசி உபசாரமாயிருந்தது. இதைப் பொய் என்று தள்ளுவது சுலபம். நான் அப்படித் தள்ளத் துணியமாட்டேன்; ஆனால் இதன் விளைவாகத் தம் மரணத்தைப் பற்றித் தாமே ஒரு சொல் கூறுகிற சந்தர்ப்பம் கிடக்கிறவருக்குக் கிடைக்கவில்லை என்பதை மறைக்கவும் முடியாது. அவர் பேசப்பட்டார், பேசவில்லை.

ஆங்கிலேயர் காலத்துத் தந்தி இலங்கையில் 1858இல் காலிக்கும் கொழும்புக்கும் இடையே தொடங்கியது. வடக்கே செல்லும் இருப்புப்பாதை வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி வழியாகச் சென்று 1905இல் யாழ்ப்பாணத்தையும் காங்கேசன்துறையையும் கொழும்போடு இணைத்தது. கொழும்பில் கந்தோர் உத்தியோகம் பார்க்கும் மகனுக்குத் தகப்பனின் வருத்தத்தைத் தெரிவிக்க இப்போது ஆள் நடக்க வேண்டியதில்லை. தபாற்கந்தோருக்குப் போய்க் காசைக் கட்டினால் போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் காசு என்றதனால், செய்தி மூன்று நான்கு சொற்களாய்ச் சுருங்கியது; ‘சீரியஸ்’ என்ற ஆங்கிலச் சொல் அதன் வாயிலாகவே தமிழ்க் குடும்பங்களின் பேச்சில் நிலைபெற்றது. ஒரு வினோதம் என்னவென்றால், உயிர் பிரிந்துவிட்ட பின்னும் பல வீடுகளில் ‘சீரியஸ்’ என்றே தந்தி கொடுத்தார்கள். தனியே இரவு ரயிலில் வருகிற பிள்ளை வழியில் உடைந்துபோகக் கூடாதென்பது அவர்களுடைய எண்ணம். நோயாளியிடம் மறைக்கிற பழக்கம் இவ்வாறு நோயாளியின் மகனிடம் மறைப்பதாகவும் நீண்டது. நாளடைவில் எல்லோருக்கும் இந்தத் தந்திரம் தெரிந்துபோய், தந்திச் சேவகனின் சைக்கிள் மணி கேட்டதுமே, உறையைப் பிரிக்காமல், தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்கள்.

1930இல் வீரகேசரி வந்தது. 1959இல் யாழ்ப்பாணத்தில் ஈழநாடு தோன்றியது. மரண அறிவித்தல்கள் அச்சேறின. அவற்றிலும் ஆழமாய் வன்னியின் செவியிற் பதிந்தது இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை வாசித்த மரண அறிவித்தல். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் அன்பு மனைவி, இன்னாரின் பாசமிகு தாயார் என்று உறவின் கொடி முழுவதையும் விரித்துச் செல்கிற அந்த நடை, இன்று புலம்பெயர்ந்தோரின் இணையத்தளங்களில் எழுத்து மாறாமல் வாழ்கிறது. ஆயினும் வானொலி இறந்தவரைச் சொல்லியதேயன்றி, இறந்துகொண்டிருப்பவரைச் சொல்லவில்லை. வருத்தம் என்பது இன்னும் வீட்டுச் சமாசாரமாகவே இருந்தது. படலையில் நிற்கிறவர் யாரை உள்ளே விடுவது, யாரைத் திண்ணையோடு அனுப்புவது என்று தெரிந்து செய்தார்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வன்னியின் சனத்தொகையே மாறிப்போயிற்று. இரணைமடுக் குளத்தின் கீழும் பிற குளங்களின் கீழும் குடியேற்றங்கள் பெருகின. தீவகத்தாரும் வடமராட்சியாரும் காணி பெற்று வந்தார்கள். 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் இனக்கலவரங்களில் விரட்டப்பட்ட மலையகத் தமிழர் பலர் கிளிநொச்சி, வவுனியாக் காடுகளை வெட்டிக் குடியேறினார்கள். வவுனியாவை நிலைக்களமாகக் கொண்டு அவர்களுக்குத் தொண்டாற்றிய காந்தியம் இயக்கத்தை நடத்திய இருவருள் ஒருவரான சோ. இராஜசுந்தரம் ஒரு வைத்தியர் என்பதும், 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் அவர் கொல்லப்பட்டார் என்பதும் இங்கே குறிப்பிடத் தக்கவை. இத்தகைய குடிகளில் வருத்தம் பார்க்க வரவேண்டியவர்கள் அடுத்த ஊரில் இல்லை. சகோதரி ஹற்றனிலும், மாமன் கரம்பனிலும் இருந்தார்கள். பந்துக்கள் தூரமாகத் தூரமாக, செய்தியைக் கொண்டுசெல்லும் கருவியின் அவசியம் கூடியது.

கூடிய வேளையிலேதான் அக்கருவிகள் யாவும் அற்றுப்போயின. 1990இல் இரண்டாம் முறை போர் மூண்டபின், யாழ்தேவி நின்றது; தந்தியும் தொலைபேசியும் நின்றன. மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னைக்கொண்டு வானொலி கேட்ட காலம் அது. ஒருவர் சுற்றக் களைத்தால் மற்றவர் சுற்றுவார், சுற்று தளர்ந்தால் செய்தியும் தளரும். 1995இன் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து லட்சக்கணக்கானோர் பெயர்ந்து, அவர்களில் பெருந்தொகையினர் வன்னிக்குள் வந்தபோது, மரத்தடியிலும் தறப்பாள் கொட்டிலிலும் முதியவர்கள் கிடந்து இறந்தார்கள். கடுமையான நோயாளியை வவுனியாவுக்குக் கொண்டுசெல்ல இந்தப் பக்கத்தில் புலிகளின் பாஸும் பிணையும், அந்தப் பக்கத்தில் படையினரின் சோதனையும் பதிவும் என்று இருதரப்பு அனுமதியும் வேண்டியிருந்தது. நோய்க்கு அவ்வளவு பொறுமை இருக்கவில்லை.

அக்காலத்தில் வருத்தம் சொல்லியனுப்பக் கிடைத்த வழிகளுள் முக்கியமானது சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பச் செய்திப் படிவம். அதை ஒட்ட முடியாது, திறந்த கடுதாசி. குடும்பச் சமாசாரம் ஒழிய வேறெதுவும் எழுதலாகாது. பல கைகள் மாறி, பல கண்கள் வாசித்த பின்னரே அது உரியவரைச் சேரும். ‘அம்மாவுக்கு இயலாது, உன்னைத்தான் கேட்கிறா’ என்ற ஒரு வரியை அந்நியர் வாசிக்கக் கூசிய தலைமுறை, வேறு வழியின்றி அதை எழுதப் பழகிக்கொண்டது. வருத்தம் முதன்முதலாகப் படலையைத் தாண்டி அந்நியரின் கண்ணுக்குத் திறந்தது முகநூலில் என்று நினைப்பவர்களுக்கு நான் இந்தப் படிவத்தைச் சுட்டிக்காட்டுவேன். மற்றொரு வழி வவுனியா நகரத்துத் தொலைத்தொடர்பு நிலையங்கள். ‘கொமினிகேசன்’ என்று சனங்கள் அழைத்த அக்கடைகளில், ரொறன்ரோவிலிருந்தோ பாரிஸிலிருந்தோ வரும் அழைப்பை எதிர்பார்த்துப் பலகை வாங்கில் நாள்முழுதும் காத்திருந்து, கண்ணாடிக் கூட்டுக்குள் நின்று, மூன்று நிமிஷத்துக்குள் தகப்பனின் சாவைச் சொல்லி முடித்து, வெளியே வந்து அழுதார்கள். செத்தவீட்டை வீடியோப் படமெடுத்து நாடாவை வெளிநாட்டுக்கு அனுப்புகிற வழக்கமும் அப்போதே வேரூன்றியது. தகப்பனின் முகத்தை உயிரோடு காணக் கிடையாத மகன் பனிநாட்டில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியில் அதைக் கண்டான். 2002இன் போர்நிறுத்தத்தில் பாதை திறந்தபோது, வருஷக்கணக்காய் ஒத்திப்போடப்பட்டிருந்த வருத்தம் பார்த்தல்களெல்லாம் ஏ9 வீதியில் பஸ் ஏறி வந்தன. 2006 ஓகஸ்டில் அது மீண்டும் மூடியது.

2009ஐப் பற்றிச் சுருங்கச் சொல்வதே முறை. ஜனவரியில் கிளிநொச்சி வீழ்ந்தது. வைத்தியசாலைகள் தருமபுரம், புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று கிழக்கே கிழக்கே நகர்ந்து பள்ளிக்கூடங்களாயும் கொட்டில்களாயும் சுருங்கின. பெப்ரவரி 10 முதல் மே 9 வரை செஞ்சிலுவைச் சங்கம் கிறீன் ஓசன் முதலிய கப்பல்களில் நோயாளரும் காயமடைந்தோரும் உடன் சென்றோருமாய் ஏறத்தாழ 14,000 பேரைக் கடல்வழியே வெளியேற்றியது. சிறுநீரகம் செயலிழந்தவரும் புற்று வைத்தவரும் அந்தக் கடற்கரையில் இருந்திருப்பார்கள். காயமடைந்தோருக்கே இடம் போதாத கப்பல்கள் அவை. யார் எங்கே எவ்வாறு இறந்தார் என்ற செய்தியைச் சொல்ல ஓட்டக்காரனும் இல்லை, தந்தியும் இல்லை. அதே பெப்ரவரி மாதத்தில், உலகின் மறுபுறத்தில், கலிபோர்னியாவில் வட்ஸ்அப் என்ற கம்பனி பதிவு செய்யப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும், வருத்தச் செய்தி முற்றாக அறுந்துபோன ஒரு சமுதாயத்தின் கையில், சில வருஷங்களுக்குள்ளேயே, எல்லாச் செய்தியையும் எந்நேரமும் சொல்கிற ஒரு கருவி வந்து விழுந்தது என்பதை நினைக்குந்தோறும் எனக்குத் திகைப்பே உண்டாகிறது. இடையில் வரவேண்டிய கட்டங்கள் ஒன்றும் வரவில்லை. வீட்டுத் தொலைபேசி என்ற ஒன்றைக் காணாமலே வன்னியின் பெரும்பாலான குடிகள் தொடுதிரைக்கு வந்தார்கள்.

நோயின் தன்மையும் அதே காலத்தில் மாறிவிட்டது. இலங்கை 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. வன்னிக் காய்ச்சல் கதையாயிற்று. அதன் இடத்துக்கு வந்தவை மெல்லக் கொல்லும் வியாதிகள். 1990கள் முதல் வடமத்திய மாகாணத்தில் கண்டறியப்பட்ட, காரணம் திட்டமாய்த் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் விவசாயிகளைப் பற்றியது. கிணற்று நீரின் கடினம், புளோரைட்டு, வயலுக்கு அடிக்கும் மருந்து, வெயிலும் நீர்வற்றுதலும் என்று காரணங்கள் பல கூறப்பட்டாலும் விவாதம் முடியவில்லை. புற்றுநோயாளர் முன்பு மகரகமைக்குச் சென்றார்கள்; “மகரகமைக்குக் கொண்டுபோயிருக்கினமாம்” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நிதி திரட்டி நடந்த பெருநடையின் பயனாய் 2013இல் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தபின், தாழ்ந்த குரலில் சொல்லும் ஊரின் பெயர் மாறியது, தாழ்த்துவது மாறவில்லை. மூன்று நாளில் முடிகிற மரணத்துக்கென்று அமைந்த பழைய வழக்கம், மூன்று வருஷம் நீடிக்கிற மரணத்துக்கு என்ன செய்வதென்று அறியாமல் நின்றது. அறியாமல் நின்ற அந்த இடத்தில்தான் தொலைபேசி புகுந்தது.

முதலாவதாக அது உடைத்தது மறைப்பை. பிள்ளைகள் எவ்வளவு மூடினாலும், குளிசை உறையில் உள்ள பெயரைத் தட்டினால் அது எந்த வியாதிக்கு உரியதென்று திரை சொல்லிவிடுகிறது. கிளினிக் கொப்பியில் வைத்தியர் கிறுக்கியதைப் பேரன் படம் பிடித்துத் தேடிச் சொல்லிவிடுகிறான். பரியாரியார் விறாந்தையில் காத்த இரகசியம் இவ்வாறு அழிந்தது. ஆனால் அது நோயாளிக்கு உண்மையை மட்டும் கொண்டுவரவில்லை. முட்சீத்தா இலைக் கஷாயம் புற்றைக் கரைக்கும் என்றும், இன்ன ஊர்ச் சாமியார் சிறுநீரகத்தை உயிர்ப்பிப்பார் என்றும் காலையும் மாலையும் வந்து விழுகிற செய்திகளை நம்பி, நடந்துகொண்டிருந்த சிகிச்சையைக் கைவிடுகிறவர்களும் உண்டு. பரியாரியார் அசாத்தியம் என்று சொன்னதும் செலவு நிற்கும். திரைக்கு அசாத்தியம் என்ற சொல்லே தெரியாது. அதனால் காணியின் உறுதி அடகுக்குப் போகிறது.

இரண்டாவது, இறப்பதற்கு முன்பே வருகிற இரங்கல். 2020 ஓகஸ்டில் சென்னையில் வைத்தியசாலையிற் சேர்ந்த பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியம் செப்டெம்பர் 25இல் காலமாகும் வரை இடைப்பட்ட வாரங்களில் பரவிய பொய்ச் செய்திகளை மறுக்க அவருடைய மகன் காணொளியில் தோன்றித் தோன்றிச் சொல்லவேண்டியிருந்தது. இலங்கை வானொலி வளர்த்த காதுகள் வன்னியில் ஏராளம். அவ்விஷயத்தில் இங்குள்ளவர்களும் ஆத்திரப்பட்டார்கள். அதே ஆத்திரத்தைத் தம் ஊரில் கிடையாய்க் கிடக்கிற ஒருவருக்காகவும் படவேண்டுமென்பது பலருக்குத் தோன்றுவதில்லை. மூச்சு அடங்குமுன் அவருடைய பழைய கலியாணப் படத்தை எடுத்து மலர்மாலைச் சட்டகமிட்டு ‘கண்ணீர் அஞ்சலி’ போடுகிற அவசரத்துக்கு, தாம் முதலிற் சொல்ல வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அன்று ஓட்டக்காரன் சொல்வதற்கு முன் வீட்டுக்காரரின் கட்டளை வேண்டியிருந்தது.

மூன்றாவது விஷயம் பணம். அதிலேதான் நான் அதிகமாய்த் தங்க வேண்டியிருக்கிறது. இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வைத்தியசாலைக்குச் செல்லும் கமக்காரன் ஒருவனுக்கு, அரசாங்கச் சிகிச்சை இலவசமாயினும், வாகனக் கூலியும் உழைப்பிழப்பும் சேர்ந்து வீட்டை விழுத்திவிடும். மாற்றுச் சிறுநீரகம் என்றால் அது வேறு மலை. அப்போது யாரோ ஒரு தம்பி கமராவோடு வருகிறான். நோயாளியைச் சாய்த்து இருத்தி, மனைவியை அருகில் இருத்தி, ஓட்டைக் கூரையைக் காட்டி, நோய்நிர்ணய அட்டையைப் பக்கம் பக்கமாய்ப் புரட்டிக் காட்டி, “உங்களுக்கு எத்தினை பிள்ளையள் ஐயா? அவையளைப் பற்றிச் சொல்லுங்கோ” என்று கேட்டு, அழுகை வரும் வரை காத்திருக்கிறான். லண்டனிலும் மொன்றியலிலும் சூரிச்சிலும் அதைக் காண்கிறவர்கள் பணம் அனுப்புகிறார்கள். அந்தப் பணத்தால் பிழைத்தவர் உண்டு. வலியின்றி இறக்கும் அளவுக்காவது வசதி பெற்றவர் உண்டு. இதை மறுப்பது நன்றிகேடு. எனினும் 2025 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் உதவிக் காணொளி எடுக்கும் ஒருவர் ஒரு வறிய குடும்பத்தை இழிவாக நடத்தினார் என்று கண்டனம் எழுந்து அவர் கைதான பின்னரே, இந்த ஏற்பாட்டின் மறுபக்கத்தைப் பலர் நோக்கத் தொடங்கினார்கள். பசித்தவனுடைய முகம் காணொளியில் இருப்பது ஒரு துன்பம். சாகப்போகிறவனுடைய முகம் இருப்பது வேறு. அவன் போனபின்னும் அது அங்கேயே கிடக்கும். பத்து வருஷம் கழித்து அவனுடைய மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களும் அதைக் காண்பார்கள். நோய்பற்றிய தகவலுக்கு விசேஷ பாதுகாப்பு உண்டென்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. கட்டாந்தரையிற் பாய்போட்டுக் கிடக்கிறவனிடம் ஒப்புதல் என்ற சொல்லுக்கு என்ன பொருள் மிஞ்சும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை.

இங்கிலாந்தில் கேற் கிறேஞ்சர் என்ற இளம் வைத்தியர், தமக்குத் தீராத புற்றுநோய் என்று 2011இல் அறிந்தபின், டுவிட்டரில் தம் நோயைப் பற்றித் தாமே எழுதினார். தம்மைத் தொட்டுச் சோதித்த வைத்தியர்கள் தம் பெயரைக்கூடச் சொல்லவில்லையே என்று வருந்தி, வைத்தியர் ஒவ்வொருவரும் நோயாளியிடம் முதலில் தம் பெயரைச் சொல்ல வேண்டுமென்று ஓர் இயக்கமே நடத்தி, 2016 ஜூலையில் மறைந்தார். அமெரிக்காவில் லிசா அடம்ஸ் என்பவர் அவ்வாறு எழுதியதை 2014இல் ஒரு பெரும் பத்திரிகையின் முன்னாள் ஆசிரியர் ஆட்சேபித்தபோது, அடம்ஸ் தம் சார்பில் தாமே வாதாடினார். மேல்நாட்டில் நோயாளியே பேசினார். பேசலாமா என்பதே அங்கு எழுந்த விவாதம். வன்னியில் விவாதம் அந்த இடத்துக்கு வரவில்லை. ஓட்டக்காரனும் தந்தியும் செய்ததையே காணொளியும் செய்கிறது: நோயாளியைப் பற்றி இன்னொருவர் சொல்கிறார். முன்பு அவர் சொல்லப்பட்டார், இன்று காட்டப்படுகிறார். கருவி புதியது, இலக்கணம் பழையது.

இவ்வூருக்கே உரிய இன்னொரு துக்கத்தைச் சொல்லாமல் இதை விட முடியாது. 2017இன் முற்பகுதி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய் தந்தையர் வீதியோரக் கொட்டில்களில் அமர்ந்து பிள்ளைகளைக் கேட்டு வருகிறார்கள். அவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் இதற்குள் இறந்துவிட்டதாக அவர்களுடைய சங்கங்கள் கூறுகின்றன; பலர் நீரிழிவும் இருதய நோயும் புற்றுமாய்க் கிடந்து இறந்தவர்கள். சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லியாகிவிட்டதா என்று அந்த வீடுகளில் யாரும் கேட்பதில்லை. சொல்ல வேண்டியவனுக்கு எந்த முகவரியும் இல்லை. எந்தச் சிறைச்சாலைப் படமோ எந்தக் கூட்டப் படமோ முகநூலில் வந்தாலும், பேரப்பிள்ளையின் தொலைபேசியை வாங்கி, விரலால் அகட்டி அகட்டி, அதில் உள்ள ஒவ்வொரு முகத்தையும் பார்க்கிறார்கள். திரை அவர்களுக்கு ஆறுதல் தருகிறதா, ஆறாதபடி செய்கிறதா என்று கேட்டால், இரண்டும் என்றே சொல்லவேண்டும்.

வட்ஸ்அப்பில் ஓர் அம்சம் மட்டும் பழைய இலக்கணத்தை மீறுகிறது, அது குரல்பதிவு. எழுத்தறியாத, அல்லது எழுதும் பழக்கம் விட்டுப்போன ஒரு தாய், பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடையில் எவருமின்றித் தன் வருத்தத்தைத் தன் வாயாற் பிள்ளைக்குச் சொல்ல முடிகிறது. ஆளனுப்பவோ தந்திக்குச் சொல்லெண்ணவோ தேவையில்லை. அவளைச் சாய்த்து இருத்திக் கேள்வி கேட்கவும் ஒருவருமில்லை. இருமலோடு, இடையே மூச்சு வாங்கி, கோழி கத்துகிற சத்தமும் சேர்ந்தே செல்கிறது அந்தப் பேச்சு. அதில் அவள் அநேகமாய் என்ன சொல்கிறாள் என்பது கவனிக்கத் தக்கது. நூறு வருஷமாய்ச் செய்தி சென்றதெல்லாம் ‘உடனே வா’ என்றுதான். அகதி வழக்கு முடியாமல் பிரான்ஸில் இருக்கும் மகனுக்கு, தானே பேசக் கிடைத்த தாய், “நீ வராதை ராசா, வழக்குப் பழுதாய்ப் போகும், நான் உன்னைப் போனிலை பாக்கிறன்தானே” என்கிறாள். மகன் வந்தால் திரும்பிப் போக முடியாது. வராவிட்டால் ஊர் மன்னிக்காது. ஊர் மன்னியாதென்பதை அவளும் அறிவாள். ஆதலால் அதே பதிவைத் தன் தமையனுக்கும் கொழுந்தனுக்கும் அனுப்பிவைக்கிறாள், பிள்ளை வராதது தன் சொல்லால் என்று அவர்கள் அறியும்படி.

ஊர் அதை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறது என்றே நினைக்கிறேன். கொரோனாக் காலத்தில் செத்தவீட்டுக்கு ஆள் சேரத் தடையிருந்தபோது நேரலையில் நின்றவர்களையும் ‘வந்தவர்கள்’ கணக்கிற் சேர்த்துக்கொண்ட சனங்கள், இப்போது வருத்தம் பார்த்தலையும் சிறிது தளர்த்திக்கொள்கிறார்கள். அடுத்த ஊரில் இருந்துகொண்டு கைகூப்பும் பொம்மைப் படத்தை மட்டும் அனுப்புகிறவனுக்கு அந்தத் தளர்வு இல்லை. அவன் இன்னும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தே ஆகவேண்டும்.